இங்கிலாந்துக் கிராமம் பார்க்க வேண்டுமா? லாக்ஸ்டனுக்குப் போங்கள்

கேள்வி இது: "செப்டம்பரில் நாட்டிங்காமுக்குப் படிக்க வருகிறேன். இங்கிலாந்துக் கிராமம் என்றால் பச்சைப் புல்வெளி, கல்வீடு, சுவரெல்லாம் ரோஜாக்கொடி என்றுதான் படங்களில் பார்த்திருக்கிறேன். நிஜத்தில் ஒரு சின்னக் கிராமம் எப்படி இருக்கும்? அங்கே இருக்கிற மனிதர்கள் எப்படி? ஒரே ஒரு ஊரைப் போய்ப் பார்க்கலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?"

காட்ஸ்வோல்ட்ஸ் போ, தேன் நிறத்தில் கல்வீடுகள் இருக்கும், நன்றாகப் படம் எடுக்கலாம் என்று நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். போங்கள், அழகான இடம்தான். ஆனால் மனிதர்கள் எப்படி என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்களே, அதற்கான ஊர் உங்கள் நாட்டிங்காமிலிருந்து வடகிழக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிறது. பெயர் லாக்ஸ்டன். முந்நூறு பேர் கூட இல்லாத ஊர்.

நான் நில அளவை வேலை பார்க்கிறவன். நியூவார்க் பக்கம் பதினோரு வருடமாக இருக்கிறேன், லாக்ஸ்டனுக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. முதல் தடவை போனபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு தெரு, ஒரு தேவாலயம், ஒரு பப், சிவப்புச் செங்கல் வீடுகள், ஊரைத் தாண்டினால் வயல். இதைப் பார்க்கவா இத்தனை பேர் வருகிறார்கள் என்று தோன்றியது. அந்த வயலில் என்ன இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் மற்ற ஊர்களிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

விமானம் இறங்கும்போது ஜன்னல் வழியே கீழே பாருங்கள். சின்னச் சின்னப் பச்சைக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் கரும்பச்சைக் கோடு. அந்தக் கோடுதான் உயிர்வேலி. பெரும்பாலும் ஹாதார்ன் என்ற முள்மரம், மே மாதத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கொட்டும். ஊடே கருமுள், ஆஷ், காட்டு ரோஜா, பிளாக்பெர்ரிக் கொடி எல்லாம் கலந்து கிடக்கும். வருகிறவர்கள் எல்லாரும் இதைப் பார்த்துவிட்டு இங்கிலாந்தின் இயற்கை அழகு என்பார்கள். அந்த வேலிகளில் பெரும் பகுதி மனிதன் வைத்தது, அதிலும் ஏராளமானவை கடந்த முந்நூறு வருடத்துக்குள், சட்டம் போட்டு வைத்தவை. 1604 முதல் 1914 வரை பாராளுமன்றத்தில் 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. அவற்றால் அடைபட்ட நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். சட்டமே இல்லாமல், பெரிய நிலக்காரர்கள் தங்களுக்குள் பேசி அடைத்தது இதில் சேராது.

அடைப்பதற்கு முன்னால் என்ன இருந்தது? நாட்டின் நடுப்பகுதி ஊர்களில் பெரும்பாலும் வேலியே இல்லாத இரண்டு அல்லது மூன்று பெரிய வயல்கள். ஒவ்வொரு வயலும் நூற்றுக்கணக்கான நீளப் பட்டைகளாகப் பிரிந்திருக்கும். ஒரு குடியானவனுக்கு இந்த வயலில் நாலு பட்டை, அந்த வயலில் ஐந்து பட்டை என்று சிதறிக் கிடக்கும். ஒரே இடத்தில் யாருக்கும் நிலம் கிடையாது. மேட்டு நிலம் நீர் வடியும், பள்ளத்துக் களிமண் தண்ணீரைப் பிடித்துவைக்கும். மழை அதிகமான வருடம் ஒன்று காப்பாற்றும், மழை குறைந்த வருடம் இன்னொன்று. நல்லதும் கெட்டதும் எல்லாருக்கும் பங்கு.

அந்தப் பட்டை ஏன் அவ்வளவு நீளம் என்பதில் நமக்கும் ஒரு சங்கதி இருக்கிறது. இந்தக் கனமான களிமண்ணை உழ எட்டு மாடு வரை பூட்டிய பெரிய கலப்பை தேவைப்பட்டது. அத்தனை மாட்டைத் திருப்புவது பெரிய பாடு, அதனால் எவ்வளவு தூரம் ஒரே மூச்சில் உழ முடியுமோ அவ்வளவு தூரம் போய்விட்டுத்தான் திருப்புவார்கள். அப்படி ஒரு சால் ஓடும் நீளம்தான் ஃபர்லாங், அதாவது "சால் நீளம்". நம் தாத்தா பாட்டி "இங்கிருந்து ரெண்டு பர்லாங்" என்று சொல்வார்களே, அதே பர்லாங். 220 கெஜம். அந்த நீளத்துக்கு 22 கெஜ அகலம் போட்டால் ஒரு ஏக்கர், ஒரு ஏர் ஒரு நாளில் உழுகிற நிலம் என்று கணக்கு. அந்த 22 கெஜத்தை 1620 வாக்கில் எட்மண்ட் கன்டர் என்பவர் நூறு கண்ணி கொண்ட அளவுச் சங்கிலியாக்கினார். நம் ஊரிலும் அந்தச் சங்கிலியை இழுத்துத்தான் சர்வே செய்தார்கள், ஏக்கர் சென்ட் என்று பத்திரத்தில் எழுதுவது அங்கிருந்து வந்ததுதான். கிரிக்கெட் பிட்சும் அதே 22 கெஜம்.

சரி, வேலி அடைத்ததும் என்ன ஆனது? சிதறிக் கிடந்த பட்டைகளைக் கூட்டி, ஆளுக்கு ஒரே இடத்தில் சதுரமாகக் கொடுத்து, சுற்றி முள்வேலி நட்டார்கள். விளைச்சல் கூடியது என்பார்கள், பல இடங்களில் உண்மை. ஆனால் ஊர்ப் பொது நிலத்தில் ஒரு மாட்டையும் நாலு ஆட்டையும் மேய்த்துப் பிழைத்தவனுக்கு எழுத்தில் உரிமை இல்லாவிட்டால் ஒன்றும் கிடைக்கவில்லை, கிடைத்தவனுக்கும் வேலி போடுகிற செலவு தாங்காமல் விற்க வேண்டி வந்தது. அவன் கூலியாளானான், இல்லை ஊரைவிட்டுப் போனான். பண்ணைக்காரன் தன் நிலம் இருக்கிற இடத்துக்கே வீட்டைக் கொண்டுபோனான். வயல் நடுவே தனியாக நிற்கிற பண்ணைவீடுகளில் ஏராளமானவை இப்படி வந்தவை. வாட்டர்லூ என்று 1815 போர்க்களத்தின் பெயர் வைத்த பண்ணை கண்ணில் பட்டால் எந்தக் காலத்தில் கட்டியது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

சாலையைப் பார்த்தும் சொல்லலாம், இது எனக்குப் பிடித்த விஷயம். பழைய சந்து திடீரென்று தொண்ணூறு டிகிரி திரும்பும், நூறு அடி போய் மறுபடி திரும்பும். காரணமே தெரியாது. அங்கே ஒரு காலத்தில் பட்டைகளின் கூட்டம் இருந்தது, பாதை அதன் ஓரத்தைச் சுற்றிப் போனது. அடைப்புக்குப் பிறகு சர்வேயர் போட்ட சாலை ஸ்கேல் வைத்த மாதிரி நேராக ஓடும், இரண்டு பக்கமும் அகலமான புல் ஓரம் விட்டிருக்கும், வேலிக்கும் வேலிக்கும் நடுவே நாற்பது அடி, சில இடங்களில் அதற்கு மேலும் இருக்கும். அப்புறம், சாயங்காலம் சூரியன் தாழ்ந்திருக்கும்போது லெஸ்டர்ஷையர், நார்தாம்ப்டன்ஷையர் பக்கம் ரயிலில் போனால் ஆடு மேய்கிற புல்வெளிகளில் அலை அலையாக மேடும் பள்ளமும் நிழல் விழுந்து தெரியும். அந்த மேடுகள் பழைய உழவுப் பட்டைகள். அடைத்தபின் உழாமல் புல்லுக்கு விட்டதால் அப்படியே உறைந்துவிட்டன. நடுப்பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

லாக்ஸ்டன் இந்த வேலியடைப்பிலிருந்து தப்பியது. முழுவதும் இல்லை, இங்கேயும் கொஞ்சம் கொஞ்சமாக நிலம் அடைபட்டது. ஆனால் மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என்று மூன்று திறந்த வயல்கள் மிஞ்சியிருக்கின்றன, மொத்தம் சுமார் 480 ஏக்கர். டெவனில் பிரான்டன் என்ற இடத்திலும் லிங்கன்ஷையரில் ஆக்ஸ்ஹோம் பக்கமும் இப்படிப்பட்ட வயல்களின் மிச்சம் இருக்கிறது. ஆனால் மூன்று வயல் முறையும் அதை நிர்வகிக்கிற ஊர்க் கோர்ட்டும் இன்றும் சேர்ந்து ஓடுகிற இடம் லாக்ஸ்டன்தான். ஏன் தப்பியது? ஊரில் நிலம் வைத்திருந்த இரண்டு பெரிய குடும்பங்கள், மேன்வர்ஸ் பிரபுவும் ஸ்கார்பரோ பிரபுவும், எப்படிப் பிரிப்பது என்பதில் ஒத்துப்போகவில்லை என்பதுதான் வழக்கமாகச் சொல்கிற காரணம். அவர்கள் ஒத்துப்போய், கையில் காசும் தயாராக இருந்த காலம் ஒன்று வரவேயில்லை.

இப்போது ஊருக்குள் போவோம். தெருவில் நின்றதும் முதலில் கண்ணில் படுவது பண்ணைவீடுகள் எல்லாம் தெருவிலேயே வரிசையாக இருப்பது. நம் ஊரில் குடியானத் தெருவில் இருந்து வயலுக்குப் போய்வருகிற மாதிரி. நிலம் சிதறிக் கிடக்கிறபோது வயலில் எந்த இடத்தில் போய் வீடு கட்டுவது? அதனால் எல்லாரும் ஊருக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். நிறைய வீடுகள் தெருவைப் பார்த்து நிற்காது, முக்கோணச் சுவர்ப் பக்கத்தைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு உள்ளே நீளமாகப் போகும். பக்கத்தில் ஒரு களம், களத்தைச் சுற்றித் தொழுவமும் கொட்டிலும், பின்னால் நீளமாக ஒரு கொல்லை. இங்கே கட்டுவதற்கு நல்ல கல் கிடையாது, களிமண்தான் இருக்கிறது, அதனால் சிவப்புச் செங்கல். கூரையில் வளைந்த ஓடு, பான்டைல் என்பார்கள். நெதர்லாந்திலிருந்து கிழக்குக் கடற்கரை வழியாக வந்து இந்தப் பக்கம் பரவிய ஓடு அது. காட்ஸ்வோல்ட்ஸின் தேன் நிறக் கல்லும், நார்ஃபோக்கின் சிக்கிமுக்கிக் கல் சுவரும், டெவனின் மண்சுவர் கூரைவீடும் இதே கதைதான். காலடியில் என்ன இருந்ததோ அதையே எடுத்துக் கட்டினார்கள். ஆகவே படத்தில் பார்க்கிற இங்கிலாந்துக் கிராமம் என்று ஒன்றே ஒன்று கிடையாது.

தெருவின் வடக்கே வயல்களைத் தாண்டி ஒரு மண்மேடு இருக்கிறது. நார்மன் காலத்துக் கோட்டை, இப்போது புல் மூடிய மேடும் அகழியும் மட்டும்தான். ஷெர்வுட் காட்டைக் காவல் காத்தவர்கள் இங்கிருந்துதான் ஆண்டார்கள். தேவாலயத்தில் எவரிங்காம் குடும்பத்தின் சமாதிச் சிற்பங்கள் இருக்கின்றன, அதில் ஒரு பெண்ணின் உருவம் மரத்தில் செதுக்கியது. கதவு திறந்திருந்தால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பப்பின் பெயர் டவ்கோட் இன். அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். 1635இல் மார்க் பியர்ஸ் என்ற சர்வேயர் இந்த ஊருக்கு வரைந்த வரைபடத்தைத் தெரிந்துகொண்டு போனால்தான் வயல் புரியும். மூலப்படம் ஆக்ஸ்ஃபோர்டில் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அன்றைய நிலச் சொந்தக்காரர் சர் வில்லியம் கோர்ட்டன் போடச் சொன்ன படம். ஊரின் ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு பட்டையும் அதில் இருக்கிறது, கூடவே எந்தப் பட்டை யாருடையது என்று ஒரு பதிவேடு. படத்தின் நடுநடுவே மனிதர்களை வரைந்திருக்கிறார்: ஒருவன் உழுகிறான், சிலர் அறுக்கிறார்கள், வேட்டைக்குப் போகிறார்கள். என்னைப் போல அளவு எடுத்துப் பிழைக்கிறவனுக்கு அதைப் பார்த்தால் நெஞ்சு நிறைந்துவிடும். இத்தனை பட்டையையும் அந்தச் சேற்றில் நடந்து அளந்திருக்கிறார்.

அப்புறம் மில் வயலுக்கு நடங்கள். பாதை மேலே ஏறி முடிந்ததும் சட்டென்று திறந்துவிடும். வேலி இல்லை, மரம் இல்லை, கண்ணுக்கு எட்டின மட்டும் ஒரே வயல், மேலே வானம். நான் முதல் தடவை கவனிக்காமல் விட்டது இதைத்தான். சுற்றுவட்டாரத்தில் எங்கே நின்றாலும் நூறு, இருநூறு கெஜத்தில் ஒரு வேலி பார்வையை மறிக்கும், இங்கே மறிக்க ஒன்றுமில்லை. வசந்தத்தில் வானம்பாடி எங்கோ உயரத்தில் நின்று விடாமல் பாடிக்கொண்டிருக்கும், அண்ணாந்து தேடினால் ஒரு புள்ளி.

பட்டைகளைத் தேடி ஏமாந்துவிடாதீர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சின்னப் பட்டைகளைச் சேர்த்துப் பெரிதாக்கிவிட்டார்கள், ஒரு வயலில் எல்லாரும் ஒரே சுற்றில்தான் பயிர் வைக்க வேண்டும் என்பதால் பக்கத்துப் பக்கத்துப் பட்டையில் ஒரே கோதுமை நிற்கும். கூர்ந்து பார்த்தால் ஒருவர் விதைத்த வரிசையும் அடுத்தவர் விதைத்த வரிசையும் சேருகிற இடத்தில் ஒரு ஆழமான சால் தெரியும், பச்சையின் நிறமும் லேசாக மாறும். அதுதான் எல்லை. சுற்று என்பது இப்படி: ஒரு வயலில் குளிர்காலத்துக்கு முன் விதைக்கிற கோதுமை, அடுத்ததில் வசந்தத்தில் விதைக்கிற பார்லி போன்ற பயிர், மூன்றாவது தரிசு. அந்தக் காலத்தில் தரிசில் ஆடு மேயும், நம் ஊரில் கிடை போடுகிற மாதிரி எருவும் அதிலேயே சேரும். அடுத்த வருடம் வயல்கள் இடம் மாறும்.

வயல்களுக்கு நடுவே ஓரங்களில், பள்ளமான இடங்களில் கலப்பை படாத புல் துண்டுகள் இருக்கின்றன. சைக் என்று பெயர். உழ முடியாத ஈரமான இடங்கள், அதனாலேயே நூற்றாண்டுகளாக யாரும் கிளறாத மண். கோடையில் அங்கே காட்டுப்பூக்கள் பூக்கும், அரசாங்கமே சட்டப்படி பாதுகாக்கிற நிலம் அது. அந்தப் புல்லை வருடத்துக்கு ஒரு முறை ஏலம் விடுவார்கள், பணம் பொது உரிமை உள்ளவர்களுக்குப் பங்காகும்.

இனி நீங்கள் கேட்ட இரண்டாவது விஷயம், மனிதர்கள். வேலி இல்லாத வயலில் பக்கத்துக்காரன் நினைத்தால் வருடத்துக்கு ஒரு சால் என்று என் பட்டைக்குள் வந்துவிடலாம். நம் ஊரில் வரப்பைச் சுரண்டுகிறவர்கள் இல்லையா, அதே விவகாரம்தான், இங்கே வரப்பும் கிடையாது. ஒருவன் வாய்க்காலைத் தூர் எடுக்காவிட்டால் அடுத்தவன் கோதுமை அழுகும். அதற்காக ஊரே சேர்ந்து ஒரு கோர்ட் வைத்திருக்கிறது, கோர்ட் லீட் என்று பெயர். நவம்பர் கடைசியில் ஒரு நாள், புதிதாகக் கோதுமை விதைத்த வயலைப் பார்வையிட ஜூரி கிளம்பும். ஜூரி என்றால் வேறு யாரும் இல்லை, அதே வயலில் பயிர் வைக்கிற விவசாயிகள்தான்.

ஒரு வருடம் சாலையோரம் நின்று பார்த்தேன். டிராக்டர் இழுக்கிற டிரெய்லரில் ஏறி வந்து இறங்கினார்கள், எல்லார் காலிலும் ரப்பர் பூட்ஸ், பூட்ஸில் கால் கிலோ களிமண். என்னிடம் இருக்கிற மாதிரி கருவி எதுவும் இல்லை. ஒருவர் பட்டையின் இந்த முனையில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த முனையைப் பார்க்கிறார், கையை லேசாக இடதுபக்கம் அசைக்கிறார், அங்கே நிற்கிறவர் முளைக்குச்சியை ஒரு சாண் நகர்த்துகிறார், இன்னொருவர் சம்மட்டியால் அடித்து இறக்குகிறார். பாதைக்குள் உழுதிருந்தால், எல்லை தாண்டியிருந்தால், வாய்க்கால் அடைந்திருந்தால் குறித்துக்கொள்வார்கள். குற்றம் செய்தவரும் அங்கேயே கும்பலோடு நின்றுகொண்டிருப்பார். சத்தம் போட்டு ஒருவரும் பேசவில்லை. எல்லாம் முடிந்தபின் பப்பில் சாப்பாடு. ஒரு வாரம் கழித்து அதே பப்பில் ஸ்டீவர்ட் தலைமையில் கோர்ட் கூடும், அபராதம் விதிக்கப்படும், அடுத்த வருட ஜூரி பதவியேற்கும். அபராதம் சின்னத் தொகைதான். பக்கத்துக்காரர் முன்னால் பெயரை வாசிப்பதுதான் உறைக்கும்.

இது வேடிக்கைக்கு நடத்துகிற சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1977இல் நீதி நிர்வாகச் சட்டம் வந்து நாட்டிலுள்ள இப்படிப்பட்ட பழைய கோர்ட்டுகளின் அதிகாரத்தை எல்லாம் எடுத்துவிட்டபோது லாக்ஸ்டன் கோர்ட்டுக்கு மட்டும் கிட்டத்தட்டத் தனி விலக்கு கொடுத்து அதிகாரத்தை அப்படியே வைத்தார்கள். தப்பிவந்த மாட்டை அடைக்கிற பட்டி, நாம் பவுண்டு என்போமே, அதுவும் பப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இங்கிலாந்துக் கிராமத்து ஆட்கள் ஒட்டமாட்டார்கள், ஒதுங்கியே இருப்பார்கள் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். என் அனுபவத்தில் அவர்கள் அடுத்தவர் விஷயத்தில் எல்லை தாண்டுவதற்குத் தயங்குகிறவர்கள். பாதையில் எதிரே வந்தால் கட்டாயம் வணக்கம் சொல்வார்கள், வானிலை பற்றி இரண்டு வார்த்தை, நின்றால் நாயைப் பற்றி இரண்டு வார்த்தை. வீட்டுக்குள் கூப்பிட மூன்று வருடம் ஆகலாம். ஆனால் பனியில் என் வண்டி பள்ளத்தில் இறங்கிய அன்று, நான் யார் என்று கேட்காமலே ஒரு பெரியவர் டிராக்டரை எடுத்துக்கொண்டு வந்து சங்கிலி போட்டு இழுத்துவிட்டார், நன்றி சொல்லி முடிப்பதற்குள் போயும்விட்டார். பண்ணை வாசலில் முட்டை அட்டைகளை அடுக்கி, பக்கத்தில் ஒரு டப்பாவும் வைத்திருப்பார்கள். ஆள் இருக்காது. முட்டையை எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். தேவாலயத்துக்குப் பூ வைப்பது, ஊர்க்கூடத்தைப் பெருக்குவது, சிவப்புத் தொலைபேசிக் கூண்டைப் புத்தக அலமாரியாக மாற்றுவது, எல்லாமே யாராவது பட்டியல் போட்டு முறைவைத்துச் செய்வதுதான். 1894 சட்டத்தில் வந்த பாரிஷ் கவுன்சில் என்ற ஊர் மன்றமும் இருக்கிறது, அதன் அறிவிப்புப் பலகையைப் படித்தால் ஊரின் ஒரு வருடப் பிரச்சினை முழுக்கத் தெரிந்துவிடும்.

கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் நிறைய ஊர்களில் கடை போய்விட்டது, தபாலாபீஸ் போய்விட்டது, பள்ளி மூடியிருக்கிறது. நகரத்தில் வேலை பார்க்கிறவர்களும் ஓய்வு பெற்றவர்களும் வீடு வாங்குகிறார்கள், அங்கேயே பிறந்த பிள்ளைகளால் வாங்க முடிவதில்லை. சில மைல் தள்ளி ஆலர்ட்டன் பக்கம் போனால் இருபதாம் நூற்றாண்டில் நிலக்கரிக்காக வளர்ந்த ஊர்களைப் பார்க்கலாம், அதுவும் இங்கிலாந்துக் கிராமம்தான். தோர்ஸ்பி சுரங்கம் 2015இல் மூடியதோடு நாட்டிங்காம்ஷையரில் நிலக்கரி வேலையே முடிந்தது. இந்தப் பக்கம் ஈக்ரிங் என்ற ஊரில் இரண்டாம் உலகப் போரின்போது எண்ணெய்க் கிணறு தோண்ட 1943இல் அமெரிக்காவிலிருந்து 42 பேர் வந்து வேலை பார்த்திருக்கிறார்கள். அமைதியாகத் தெரிகிற ஊர்களில் இவ்வளவு நடந்திருக்கிறது.

லாக்ஸ்டனின் நிலம் கடைசி மேன்வர்ஸ் பிரபு காலம் வரை அந்தக் குடும்பத்திடம் இருந்தது. 1952இல் இந்த முறையைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு விவசாய அமைச்சகத்துக்கு விற்றார்கள், 1981இல் அது கிரவுன் எஸ்டேட், அதாவது அரசரின் பெயரில் உள்ள நிலங்களை நிர்வகிக்கிற அமைப்பின் கைக்கு மாறியது. 2018இல் கிரவுன் எஸ்டேட் விற்கப்போவதாக அறிவித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வாங்குகிறவர் யாரோ, நாளைக்கே பட்டைகளை ஒன்றுசேர்த்து வேலி போட்டால் யார் கேட்பது? கடைசியில் 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கியது, அதாவது பழைய மேன்வர்ஸ் குடும்பத்தின் வழிவந்த எஸ்டேட். இப்போதைக்கு மூச்சு விடலாம். ஆனால் இந்தக் கனத்த களிமண்ணில் மற்றவர்களோடு அனுசரித்துப் பயிர் வைக்க இளைஞர்கள் தொடர்ந்து முன்வர வேண்டும். எந்தச் சட்டமும் அதைக் கட்டாயப்படுத்த முடியாது.

போவதற்கு முன் சில விஷயங்கள். பஸ்ஸை நம்பாதீர்கள், நேரம் பார்த்து, யாராவது கார் வைத்திருக்கிறவர்களோடு போங்கள். டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தை வாங்கிக்கொள்ளுங்கள், பச்சை நிறத்தில் விட்டுவிட்டுப் போகிற கோடுகள் எல்லாம் பொதுப்பாதை. தனியார் வயல் நடுவே போனாலும் அதில் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு, நீல அம்பு இருந்தால் குதிரையும் போகலாம். விதைத்த நிலத்தில் இறங்காதீர்கள், நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டு வாருங்கள்.

நவம்பர் கடைசியில் போக முடிந்தால் நல்லது. ஜூரி எந்த வயலுக்குப் போகிறது என்று டவ்கோட் இன்னில் கேட்டால் சொல்வார்கள். குளிரும், சேறும் இருக்கும், நல்ல பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் போன பிறகு வயலோரப் பாதையில் நடந்தால் புதிதாக அடித்த முளைக்குச்சிகள் வெள்ளையாக வரிசையாகத் தெரியும், சீவிய மரத்தின் வாசனை கூட அன்றைக்குப் போயிருக்காது.